கடைப்பிடி: பேராக் தமிழ்ப்பள்ளிகளில் கவனப் பயிற்சி குறித்து ஒரு மறுசிந்தனை

முன்னுரை

வகுப்பில் பிள்ளைகள் சில நிமிடம் தம் மூச்சையும் சுற்றியுள்ள ஒலிகளையும் கவனித்து அமரும் 'மைண்ட்ஃபுல்னஸ்' பயிற்சி பல நாடுகளின் தொடக்கப்பள்ளிகளில் இடம்பெற்றுவிட்டது. 1979இல் அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழக மருத்துவப் பள்ளியில் ஜான் கபாட்-ஜின் நோயாளிகளுக்காகத் தொடங்கிய எட்டு வாரப் பயிற்சியிலிருந்தே இது பெரிதும் கிளைத்தது. மலேசியாவின் பேராக் மாநிலத் தமிழ்ப்பள்ளிகளுக்கு இது பொருந்துமா? பொருந்தும் என்பதே என் கருத்து. ஆனால் நம் தோட்டப் பள்ளிகளில் அமைதி நெடுங்காலம் கட்டளையாகவே இருந்தது. அந்தக் கட்டளைக்கு இப்பயிற்சி புதுப்பெயர் ஆகிவிடக் கூடாது.

சொல்லும் பொருளும்

'மைண்ட்ஃபுல்னஸ்' என்பதன் வேர் பௌத்த எண்வழியில் வரும் 'சம்மா சதி'. அதைத் தமிழில் 'நற்கடைப்பிடி' என்பர். 'கடைப்பிடி' என்பதற்குப் பழைய உரைமரபு தரும் பொருள், கொண்ட பொருளை மறவாமை. பாலி மொழியின் 'சதி'யும் அடிப்படையில் நினைவைக் குறிக்கும் சொல்லே. ஆகவே மனத்தைக் காலியாக்குவது இப்பயிற்சியின் நோக்கமன்று. ஒன்றைப் பற்றியிருப்பதும், நழுவினால் மீண்டும் பற்றுவதுமே பயிற்சி. அதைப் பிள்ளைக்காக வேறொருவர் செய்ய இயலாது. அதட்டியும் வரவழைக்க இயலாது.

தோட்டம் தந்த ஒழுங்கு

1877இல் மலாயாவுக்கு வந்த ரப்பர் கன்றுகளில் சில கோலகங்சாரில் நடப்பட்டன. பின்னர் பேராக் முழுவதும் தோட்டங்கள் பரவின. பள்ளி வயதுப் பிள்ளைகள் பத்துப்பேர் இருந்தாலே தோட்டம் பள்ளி நடத்த வேண்டும் என்று 1923ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் விதித்தது. தொழிலாளரைத் தோட்டத்திலேயே நிறுத்திவைக்கவும் அப்பள்ளிகள் உதவின. பல இடங்களில் கிராணியோ (எழுத்தர்) கங்காணியோ (மேற்பார்வையாளர்) வாத்தியார் வேலையும் பார்த்தார்.

பால்மரம் சீவுவதைக் கூர்ந்து பார்த்தவருக்குத் தெரியும்: விடியும் முன் தொடங்கும் அவ்வேலையில் கத்தி ஒரு மில்லிமீட்டருக்குச் சற்றே கூடுதலான பட்டையை மட்டுமே எடுக்க வேண்டும். ஆழம் போனால் மரம் காயப்படும். புதுப்பட்டை முடிச்சு முடிச்சாக வளர்ந்து மறுமுறை சீவ முடியாமல் போகும். நம் பாட்டிமார் அத்தகைய கவனத்தோடு வாழ்ந்தவர்கள். ஆனால் அந்தக் கவனத்தின் பயனைத் தோட்டம் எடுத்துக்கொண்டது. அதைக் கங்காணியின் கண் காவல் காத்தது. வகுப்பறையின் "கையைக் கட்டு, வாயைப் பொத்து" என்பதும் அதே ஒழுங்கின் பிள்ளைப்பருவ வடிவமே.

பின்னர் தோட்டங்கள் துண்டாடப்பட்டன. ரப்பர் போய்ச் செம்பனையும் வீடமைப்புத் திட்டங்களும் வந்தன. குடும்பங்கள் ஈப்போ, சுங்கை சிப்புட் போன்ற நகரங்களை நோக்கிப் பெயர்ந்தன. சில பள்ளிகள் மாணவர் குறைந்து கூட்டு வகுப்புகளாக நடக்கின்றன. 1988 முதல் பிள்ளைகளை அழுத்திய தொடக்கப்பள்ளி இறுதித் தேர்வான யு.பி.எஸ்.ஆர். 2021இல் நீக்கப்பட்டது. தேர்வு விட்டுச்சென்ற இடத்தை எதனால் நிரப்புவது என்ற கேள்வி இன்னும் நம்முன் நிற்கிறது.

சான்றுகள் சொல்வது

கவனப் பயிற்சி குறித்து, கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் நான்காம், ஐந்தாம் வகுப்புப் பிள்ளைகள் 99 பேரிடம் நடந்து 2015இல் வெளியான ஆய்வு நல்ல பலன்களைக் காட்டியது. ஆனால் அது சிறிய ஆய்வு. பிரிட்டனில் எண்பதுக்கு மேற்பட்ட பள்ளிகளில், எட்டாயிரத்துக்கும் அதிகமான இளம் பதின்ம வயதினரிடம் நடந்த 'மிரியாட்' ஆய்வின் முடிவு 2022இல் வந்தது. வழக்கமான சமூக, உணர்வுக் கல்வியைவிட இப்பயிற்சி மாணவரின் மனநலத்தை மேம்படுத்தவில்லை. பலர் வீட்டில் பயிற்சி செய்யவே இல்லை. ஆனால் ஆசிரியர்களின் பணிச்சோர்வு ஓரளவு தணிந்தது. மேலிருந்து இறக்கிய பாடத்திட்டம் பிள்ளையின் சொந்தச் செயலாக மாறுவதில்லை என்றே இதைப் புரிந்துகொள்கிறேன். தொடங்க வேண்டிய இடம் ஆசிரியர் என்பதும் இதில் தெரிகிறது.

செய்யத்தக்கவை

முதலில் ஆசிரியர் தமக்காகப் பழகட்டும். அடுத்து, காலைத் தேவாரத்தோடு இதைக் கலக்காதிருப்பது நல்லது; பல சமயப் பிள்ளைகளும் நம் பள்ளிகளில் படிக்கிறார்கள். கண்ணை மூடச் சொல்லிக் கட்டாயப்படுத்தவும் வேண்டாம். சில பிள்ளைகளுக்கு அது அச்சம் தரும்.

எடுத்துக்காட்டாக, இரண்டாம் ஆண்டு வகுப்பில் மணி ஒலித்ததும் ஒரு நிமிடம் காது கொடுக்கலாம். செம்பனை லாரி, மைனா, மேலே சுற்றும் காற்றாடி என்று கேட்டதைப் பிள்ளைகள் சொல்வார்கள். "ஒண்ணும் கேக்கல டீச்சர்" என்று ஒருவன் சொன்னால் அதுவும் சரியான விடையே. புள்ளி இல்லை, மதிப்பீடு இல்லை. அன்றைய எழுத்துப் பயிற்சியில் 'ழ'கரத்தின் வளைவை மெதுவாக எழுதுவதும் அதே பயிற்சிதான்.

பசியோடு வரும் பிள்ளைக்கு மூச்சுப்பயிற்சிக்கு முன் காலை உணவு வேண்டும். வீட்டுத் துயரத்தைச் சுமந்து வருபவளுக்கு ஆலோசனை ஆசிரியர் வேண்டும். குறைகளைச் சகித்துக்கொள்ளப் பழக்கும் கருவியாக அமைதியைப் பயன்படுத்தினால் நாம் மீண்டும் பழைய தோட்டத்துக்கே திரும்பிவிடுவோம்.

முடிவுரை

பயிற்சி பலித்ததா என்று அறிய வகுப்பின் அமைதியை அளந்தால் போதாது. "டீச்சர், எனக்குக் கோபம் வருது" என்று ஒரு பிள்ளை தன் மனத்தைத் தானே கண்டு சொல்லத் துணிகிறதா என்று கேட்க வேண்டும். பாட்டியின் கவனம் தோட்டத்துக் கணக்கில் சேர்ந்தது. பேத்தியின் கவனமாவது அவளுடையதாகவே இருக்கட்டும்.