வலுவிழந்தோர் கொடுப்பனவு (திருகோணமலை)

வலுவிழந்தோருக்கு இலங்கை அரசு மாதந்தோறும் வழங்கும் பண உதவி. வருமானம் குறைந்த குடும்பத்தினருக்கே உரியது. 2024இல் 7,500 ரூபாயாக இருந்த தொகை, 2025 வரவு செலவுத் திட்டத்தில் 10,000 ஆக உயர்த்தப்பட்டது. விலைவாசியோடு ஒப்பிட்டால் இதுவும் சொற்பமே. வலுவிழந்தோரின் உரிமைகளுக்கு அடிப்படை 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டம். துறைமுகத்தை அண்டிய ‘பட்டினமும் சூழலும்’, கிண்ணியா, மூதூர் உள்ளிட்ட 11 பிரதேச செயலகங்கள் திருகோணமலை மாவட்டத்தில் உள்ளன. கொடுப்பனவுக்கு விண்ணப்பிக்க முதலில் பார்க்க வேண்டியவர் கிராம உத்தியோகத்தர்; அவரது உறுதிப்படுத்தலோடு பிரதேச செயலகத்தின் சமூக சேவை உத்தியோகத்தரிடம் செல்ல வேண்டும். நடக்க இயலாதவரையே அலுவலகத்துக்கு அலைய வைப்பது இம்முறையின் பெருங்குறை. மருத்துவச் சான்றிதழ், தேசிய அடையாள அட்டை ஆகியவற்றின் பிரதிகளைக் கைவசம் வைத்திருங்கள்.