தேள் உதை பிறந்த கதை

பந்து தலைக்கு மேல் வந்தால் எந்த கோல்கீப்பரும் கையை உயர்த்திப் பிடிப்பார். கொலம்பியாவின் ரெனே ஹிகிட்டா முன்பக்கமாகக் குப்புறப் பாய்ந்தார். உடம்பு காற்றில் கிடக்கும்போதே இரண்டு காலையும் முதுகுக்குப் பின்னால் மடக்கி, குதிகாலால் பந்தை வெளியே தட்டிவிட்டார். தேள் கொடுக்கைத் தூக்குகிற மாதிரியே இருந்தது. பெயரும் அதுவாகவே நின்றுவிட்டது. 1995 செப்டம்பர் 6, லண்டன் வெம்ப்ளி மைதானம், இங்கிலாந்துடன் நட்பு ஆட்டம்.

இதற்கு விதை போட்டது பயிற்சியாளர் அல்ல, பொடியன்கள். தெருவிலும் பூங்காவிலும் சிறுவர்கள் மல்லாந்து பைசிக்கிள் கிக் அடித்துப் பழகுவதை ஹிகிட்டா கவனித்திருக்கிறார். இதையே குப்புற அடித்தால் என்ன என்று தோன்றியிருக்கிறது. தோதான பந்துக்காக ஐந்து வருடம் காத்திருந்தேன் என்று பின்னால் அவரே சொன்னார். கடைசியில் அதைக் கொடுத்தவர் ஜேமி ரெட்நாப். இங்கிலாந்துக்காக அவருக்கு அதுதான் முதல் ஆட்டம். அவர் உள்ளே அனுப்பிய பந்து வழிதவறி, மெதுவாகக் கோலை நோக்கி மிதந்து வந்தது. வேடிக்கை என்னவென்றால், லைன்ஸ்மேன் ஆஃப்சைடுக்குக் கொடி தூக்கியாகிவிட்டது. பந்து உள்ளே போயிருந்தாலும் கோல் நின்றிருக்குமா என்பது சந்தேகம்தான். ஆட்டம் 0–0.

சாதனையை எடைபோட்டால் அதே காலத்து பராகுவே சிலாவெர்ட்டின் தட்டுதான் தாழும். 1995, 1997, 1998 என மூன்று முறை உலகின் சிறந்த கோல்கீப்பர் பட்டம். ஃப்ரீ கிக்கும் பெனால்டியும் அடித்து 60 கோலுக்கு மேல். பிரேசிலின் டஃபரெல் 1994இல் உலகக் கோப்பையையே தூக்கியவர். ஹிகிட்டாவோ 1990 உலகக் கோப்பையில் கோலைவிட்டு வெகுதூரம் வந்து, கேமரூனின் ரோஜர் மில்லாவிடம் பந்தைப் பறிகொடுத்தவர். கொலம்பியா அத்தோடு ஊர் திரும்பியது. ஆனாலும் என்.எஸ். மாதவன் தன் மலையாளச் சிறுகதைக்கு 'ஹிகிட்டா' என்றுதான் பெயர் வைத்தார். அது தேள் உதைக்கு முன்பே எழுதிய கதை. அப்போதே கோலைவிட்டு வெளியே வரும் அந்தத் துணிச்சலில் ஆட்கள் மயங்கியிருந்தார்கள். சிலாவெர்ட் பெயரில் கதை எதுவும் என் கண்ணில் படவில்லை.

என் கணக்கு இதுதான்: ஒரு ஆட்டக்காரர் நினைவில் நிற்க, பார்த்தவன் செய்து பார்க்க ஆசைப்பட வேண்டும். எங்கள் ஓமலூர் பக்கம் கிரிக்கெட் பந்துவீச்சாளர் சின்னப்பம்பட்டி நடராஜன் எத்தனை விக்கெட் எடுத்தார் என்று கேட்டால் பையன்கள் முழிப்பார்கள். அவருடைய யார்க்கரைக் கேட்டால் உடனே ரப்பர் பந்தை எடுத்து வீசிக் காட்டுவார்கள். பெனால்டியைத் தடுப்பதை அப்படி நடித்துக் காட்ட முடியாது. 1989இல் கொலம்பிய கிளப் அட்லெட்டிகோ நேஷனலுக்கு தென் அமெரிக்க லிபர்டடோரஸ் கோப்பையை வாங்கித் தந்ததே ஹிகிட்டா தடுத்த பெனால்டிகள்தான். யார் அதைப் பேசுகிறார்கள்?

தேள் உதையை எங்கள் செம்மண் தரையில் போட்டுப் பார்க்க நினைக்கும் தம்பிகளுக்கு ஒன்று: உள்ளங்கையை முதலில் ஊன்றுங்கள், இல்லாவிட்டால் தாடைதான் தரையைத் தொடும். ஹிகிட்டா விழுந்தது வெம்ப்ளியின் புல்லில்.