தகைவும் திரிபும்

தேர்வு நெருங்கும் நாட்களில் மாணவர்கள் என்னிடம் வந்து சொல்வது ஒன்றே: "ஒரே டென்ஷனா இருக்கு ஐயா." தமிழாசிரியன் ஆகையால், 'மன அழுத்தம்' என்று திருத்துவது என் வழக்கம். அத்திருத்தமே பிழையோ என்ற ஐயம் ஹான்ஸ் செல்யேவின் வரலாற்றைப் படித்தபோது எழுந்தது. அவர் கண்டது மனத்தில் அல்ல, உடலில்.

1907இல் வியன்னாவில் பிறந்த செல்யே, பிராக் நகரில் மருத்துவம் பயின்றார். பேராசிரியர் நோயாளிகளை ஒவ்வொருவராகக் காட்டி, நோய்களைப் பிரித்தறியும் அடையாளங்களை விளக்கினார். செல்யேவின் கண்ணில் பட்டவையோ அனைவருக்கும் பொதுவானவை: பசியின்மை, சோர்வு, உடல்வலி. எந்த நோயிலும் காணப்படும் இந்தப் பொதுநிலையை ஏன் எவரும் ஆராயவில்லை என்று வியந்தார்.

ஏறத்தாழப் பத்தாண்டுகளுக்குப் பின், மான்ட்ரியாலின் மெக்கில் பல்கலைக்கழகத்தில் புதிய ஹார்மோன் ஒன்றைத் தேடி, எலிகளுக்குச் சினைப்பைச் சாற்றை ஊசிவழி செலுத்தினார். அட்ரினல் சுரப்பி பெருத்தது. தைமஸ் சுரப்பி சுருங்கியது. இரைப்பையில் புண் உண்டானது. மகிழ்ச்சி நீடிக்கவில்லை. ஃபார்மலினைச் செலுத்தியபோதும் அதே மூன்று மாற்றங்கள். குளிரில் விட்டாலும், அளவுக்கு மீறி ஓடவிட்டாலும் அவையே. ஹார்மோன் கிடைக்கவில்லை, ஆனால் மாணவப் பருவத்துக் கேள்விக்கு விடை கிடைத்தது. 1936இல் 'நேச்சர்' இதழில் வெளிவந்த சிறு கடிதம் அதன் பதிவு. இடர் எதுவாயினும் உடல் முதலில் திடுக்கிடுகிறது, பின்னர் தாக்குப்பிடிக்கிறது, இடர் நீங்காவிடில் இறுதியில் களைத்து வீழ்கிறது என்றார். சில நிமிடத் தற்காப்புக்கு உதவும் சுரப்பு, ஆண்டுக்கணக்கில் நீளும்போது உடலையே அரிக்கிறது.

இந்நிலைக்கு அவர் வழங்கிய பெயர் ஸ்ட்ரெஸ். பௌதிகத்தில் வழங்கும் சொல். நம் பாடநூல்கள் அதைத் தகைவு என்கின்றன. பொருளின் மீது செயல்படும் விசையைச் சார்ந்தது தகைவு. அதனால் அப்பொருள் அடையும் உருமாற்றம் திரிபு. செல்யே கருதியது உடலின் உருமாற்றத்தை. தம் ஆங்கிலம் இன்னும் தேர்ந்திருந்தால் திரிபைக் குறிக்கும் ஸ்ட்ரெயின் என்ற சொல்லையே கொண்டிருக்கக்கூடும் எனப் பிற்காலத்தில் அவரே ஒப்புக்கொண்டார்.

இனி வருவது கசப்பான பகுதி. செல்யே புகையிலை நிறுவனங்களிடம் ஆய்வுக்கு நிதி பெற்றார். 1969இல் கனடா நாடாளுமன்றக் குழுவின் முன், புகையிலை விளம்பரக் கட்டுப்பாடுகளுக்கு எதிராகப் பேசினார். புகைப்பது சிலருக்கு இறுக்கம் தணிக்கும் வழி என்பது அவர் வாதம். உடலின் களைப்பைக் கண்டறிந்தவரே, உடலைக் கொல்லும் சரக்குக்குச் சாட்சியானார். ஆறுதல் என்ற பெயரில் நமக்கு எதையும் விற்கலாம் என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

ஏறக்குறைய அதே காலத்தில், ஹார்வர்டு மருத்துவர் ஹெர்பர்ட் பென்சன் தியானம் பழகியவர்களின் உடலை அளந்துகொண்டிருந்தார். தியானத்தின்போது மூச்சும் இதயத்துடிப்பும் மெதுவாயின. உடல் செலவிடும் ஆக்சிஜன் குறைந்தது. திடுக்கிடுவதைப் போலவே அடங்குவதும் உடலின் இயல்பே என்றார். 1975இல் அவர் எழுதிய நூல் சொல்லும் முறை எளிது: அமைதியாக அமர்ந்து, கண்மூடி, தசைகளைத் தளர்த்தி, ஒவ்வொரு வெளிமூச்சிலும் ஒரு சொல்லை மனத்துள் சொல்லுதல், பத்து முதல் இருபது நிமிடம். இதற்குக் கடை வேண்டாம், காசு வேண்டாம்.

இப்போது மாணவர்களைத் திருத்துவதில்லை. சற்று நேரம் அமர்ந்து மூச்சைக் கவனிக்கச் சொல்கிறேன். சிலருக்குக் கை நடுக்கம் அடங்குகிறது. ஆயினும் மூச்சு தணிப்பது திரிபை மட்டுமே. தகைவு வெளியிலிருந்து வருவது. ஏற்றியவர்களே அதை இறக்கவும் வேண்டும். வினாத்தாள் தயாரிப்பவர்களில் நானும் ஒருவன்.