சில்லின்மேல் ஓர் இல்லம்

வீடு என்பது நிலைத்து நிற்பது. வண்டி என்பது ஓடித் திரிவது. இவ்விரண்டையும் ஒன்றாக்கி, வீட்டோடு ஊர் சுற்றவேண்டும் என்னும் ஆசை மனிதனை நெடுங்காலமாகப் பற்றி நிற்கின்றது. நாடோடி மக்களுக்கு அது வாழ்க்கை முறை. வசதி படைத்தோருக்கோ அது பொழுதுபோக்காயிற்று. ஸ்கொத்லாந்து நாட்டவரும் கடற்படையில் வைத்தியராய்ப் பணியாற்றியவருமான கோர்டன் ஸ்டேபிள்ஸ் என்பவர், 1885-ஆம் ஆண்டில், பிரிஸ்டல் நகரத்து வண்டித் தொழிற்சாலையில் ‘வாண்டரர்’ என்னும் பெரிய இல்ல வண்டியொன்றைச் செய்வித்துக்கொண்டு, தென் இங்கிலாந்திலிருந்து ஸ்கொத்லாந்து வரை பயணஞ் செய்தார். அதனை இழுக்க இரண்டு குதிரைகள் வேண்டியிருந்தன. குதிரைகளைச் செலுத்த ஒருவரும் பணிவிடைக்கு ஒருவரும் உடன் செல்லவேண்டியிருந்தது. உல்லாசப் பயணத்துக்கென்றே அமைக்கப்பெற்ற இல்ல வண்டிகளுள் இதுவே முதலாவது என்று பலர் கொள்வர்.

செல்வர்க்கே உரியதாயிருந்த இந்த விளையாட்டு, எழுபது ஆண்டுகளுக்குள், தச்சரும் ஆசிரியரும் எழுதுவினைஞரும் தத்தம் குடும்பத்தோடு நுகரும் எளிய இன்பமாக மாறியது எவ்வாறு? இதற்குரிய விடை ஒரு சாதாரணச் சரக்கு வானின் வரலாற்றில் அடங்கியிருக்கின்றது. அத்தகைய பழைய வான்களைச் செப்பனிட்டு மீண்டும் தெருவில் ஓடவிடுவதற்கு இன்று பலர் படும் பாட்டின் பொருளும் அவ்வரலாற்றை அறிந்தாலன்றி விளங்காது.

இரண்டாம் உலகப் போர் 1945-இல் முடிந்தபொழுது, வட ஜேர்மனியிலுள்ள வொல்ஃப்ஸ்பேர்க் நகரத்து மோட்டார்த் தொழிற்சாலை குண்டுவீச்சினாற் சிதைந்து கிடந்தது. அது பிரித்தானிய இராணுவத்தின் பொறுப்பில் வந்தது. ஐவன் ஹேர்ஸ்ட் என்னும் பொறியியல் அதிகாரி அதனை மீண்டும் இயங்கச் செய்தார். பின்னாளில் ‘வண்டு’ என்று உலகமே செல்லமாக அழைத்த வொல்க்ஸ்வாகன் கார்கள் அங்கே உருவாகத் தொடங்கின. தொழிற்சாலைக்குள் பாரங்களை இடம் மாற்றுதற்குப் போதிய வண்டிகள் இல்லாமையால், வேலையாட்கள் காரின் அடித்தளத்தின்மேல் ஒரு தட்டையான மேடையைப் பொருத்தி, ஓட்டுபவர் பின்புறத்திலே எஞ்சினுக்கு மேலே அமர்ந்து செலுத்தும் விசித்திரமான வண்டி ஒன்றைச் செய்துகொண்டனர்.

ஒல்லாந்து தேசத்து வணிகரான பென் பொன், கார்களை இறக்குமதி செய்யும் எண்ணத்துடன் அங்கு வந்தவர், இவ்வண்டியைக் கண்டார். அதனையே தம் நாட்டுக்குக் கொண்டுசெல்ல விரும்பினார். ஓட்டுபவர் முன்புறத்தில் அமரவேண்டும் என்பது ஒல்லாந்து வீதிச் சட்டம். ஆதலால் அனுமதி கிட்டவில்லை. ஒரு வழி அடைபட்டதே மற்றொரு வழி திறக்கக் காரணமாயிற்று. 1947-ஆம் ஆண்டு ஏப்ரல் 23-ஆம் நாள், பொன் தம் குறிப்பேட்டில் ஒரு பெட்டியை வரைந்தார்: ஓட்டுபவர் முன்னே, எஞ்சின் பின்னே, நடுவே 750 கிலோ பாரம். சிறுபிள்ளை வரைந்தாற்போன்ற அந்தச் சில கோடுகள் இன்று அம்ஸ்டர்டாம் நகரத்து ரைக்ஸ் அருங்காட்சியகத்தில் உள்ளன.

அந்தக் கோடுகள் உடனே வண்டியாகிவிடவில்லை. கார்களைச் செய்யவே பொருளும் ஆளும் போதாத காலம் அது. 1948-இன் தொடக்கத்தில் ஹைன்ஸ் நோர்ட்ஹோஃப் தொழிற்சாலையின் தலைமையை ஏற்றபின்னரே வேலை தொடங்கிற்று. முதலிற் செய்த மாதிரி வண்டி காரின் அடித்தளத்தின்மேலேயே அமைந்திருந்தது. 1949-இல் நடந்த சோதனை ஓட்டத்திற் பாரம் தாங்காது அந்த அடித்தளம் வளைந்துபோயிற்று. பொறியியலாளர் மனந்தளராது, உடலையும் அடிச்சட்டத்தையும் ஒன்றாகப் பிணைத்து, வண்டியின் கூடு முழுவதுமே பாரத்தைத் தாங்குமாறு புதிதாக அமைத்தனர். இந்த அமைப்பை நேயர்கள் நினைவில் வைத்திருத்தல் வேண்டும். பழைய வானைச் செப்பனிடுவோரின் இன்பமும் துன்பமும் இதிலிருந்தே பிறக்கின்றன. பிறௌன்ஷ்வைக் நகரத்துத் தொழினுட்பக் கல்லூரியிற் காற்றோட்டச் சோதனை செய்து, முன்முகத்தை வளைத்தனர். முன்கண்ணாடியை இரு பகுதியாக்கிச் சற்றே கூர்மையாக வைத்தனர். 1950-ஆம் ஆண்டு மார்ச் 8-ஆம் நாள் தொடர் உற்பத்தி ஆரம்பமாயிற்று. எஞ்சினின் ஆற்றலோ 25 குதிரை வலுதான்.

போரினாற் பாழடைந்த நாட்டில், பாண் போடுபவருக்கும் மரக்கறி விற்பவருக்கும் கைத்தொழிலாளருக்கும் உதவுதற்கே இவ்வான் பிறந்தது. ஆயினும், இரண்டு சில்லுத் தொகுதிகளுக்கும் இடையே தட்டையாகவும் உயரமாகவும் ஓர் இடம் வெறுமையாயிருந்தது. வெற்றிடத்தைக் கண்டால் மனிதன் அதிற் குடியேற நினைப்பது இயல்பன்றோ! 1844 முதல் வண்டிகள் செய்துவந்த வெஸ்ட்ஃபாலியா என்னும் நிறுவனம், வீடன்புருக் நகரிலே, 1951-இல் ‘முகாம் பெட்டி’ ஒன்றை உருவாக்கிற்று. அப்பெட்டியை வானுக்குள் ஏற்றினால் இருக்கை கட்டிலாக விரியும், மேசை எழும், பாத்திரமும் உடுப்பும் வைக்க அலுமாரி கிடைக்கும். இறக்கிவிட்டால், வான் மீண்டும் சரக்கு வானாகிவிடும். திங்கள் முதல் வெள்ளி வரை உழைப்பு. சனி, ஞாயிற்றில் உல்லாசம். காரும் லொறியும் விடுமுறை விடுதியும் தனித்தனியே வாங்க இயலாத குடும்பத்துக்கு ஒரே வண்டி மூன்றுமாயிற்று. இல்ல வண்டி பொதுமக்களுடைமையானது இந்த இடத்திலேதான்.

பிரித்தானியாவில் இம்மாற்றத்துக்குச் சட்டமும் ஒரு விதத்திற் கைகொடுத்தது. அங்கு கார் வாங்குவோர் கொள்வனவு வரி செலுத்தவேண்டியிருந்தது. ஆனாற் படுத்துறங்கவும் சமைக்கவும் உரிய தளபாடங்கள் பொருத்தப்பெற்ற வான் வசிப்பிடமாகக் கருதப்பட்டமையால், அவ்வரி அதற்கு இல்லை. ஃபோக்ஸ்ரன் நகரத்து மார்ட்டின் வால்ட்டர் நிறுவனத்தார் ‘டோர்மொபில்’ என்னும் பெயரில் வான்களை உறங்கும் வண்டிகளாக மாற்றினர். ஒரு பக்கமாகத் தூக்கி நிறுத்தப்படும் கோடுபோட்ட துணிக் கூரை அவர்களது அடையாளமாயிற்று. சிட்மத் என்னும் கடற்கரை ஊரிலே தச்சர்கள் ‘டெவன்’ என்ற பெயருடன் மர அலுமாரிகளை இழைத்துப் பொருத்தினர். மோட்டார்த் தொழிலும் தச்சுத் தொழிலும் கைகோத்த காலம் அது.

1967-இல் இரட்டைக் கண்ணாடி முகம் நீங்கி, ஒரே வளைந்த கண்ணாடியும் தள்ளித் திறக்கும் பக்கக் கதவும் கொண்ட இரண்டாம் தலைமுறை வான் வந்தது. ஜேர்மனியில் அதன் உற்பத்தி 1979-இல் முடிவுற்றது. ஆனால் அதன் பரம்பரை பிரேசில் நாட்டிலே தொடர்ந்து வாழ்ந்து, 2013-ஆம் ஆண்டின் இறுதியிலேதான் நின்றது. காற்றுப்பையும் சில்லுப் பூட்டைத் தடுக்கும் பிரேக் அமைப்பும் புதிய வண்டிகளுக்குக் கட்டாயம் என்ற சட்டத்துக்கு அப்பழைய உருவம் ஈடுகொடுக்க முடியவில்லை.

இனி, இவ்வான்களைச் செப்பனிடும் கதைக்கு வருவோம்.

பழைய வானுக்கு முதற் பகைவன் கறள். கூடே பாரத்தைத் தாங்கும் வண்டியில், கறள் அழகை மட்டுமன்றி உயிர்நாடியையும் தின்கின்றது. கதவுகளின் கீழேயுள்ள படித்தகடுகள், சில்லு வளைவுகள், எஞ்சின் அறையில் பற்றரி வைக்கும் தட்டு, கூரையோரத் தண்ணீர்ப்பீலி, முன்கண்ணாடி றப்பரின் அடிப்பக்கம் ஆகிய இடங்களில் நீர் தேங்கி, உள்ளிருந்தே அரித்துவிடும். மேலே பூசிய வர்ணம் பளபளக்கலாம். அடியிலே இரும்பு மாவாகியிருக்கலாம். அலுமாரியும் கட்டிலும் அப்புண்ணை மறைத்து நிற்பதும் உண்டு. ஆகவே, வாங்குபவர் வர்ணத்தைப் பார்த்து மயங்காது, வண்டிக்கு அடியிலே படுத்துப் பார்த்தல் வேண்டும் என்பர் அனுபவசாலிகள். படித்தகட்டை வெட்டி நீக்குமுன், கதவு வாயிலின் குறுக்கே இரும்புக் கம்பிகளைத் தற்காலிகமாக ஒட்டி இறுக்குதல் வேண்டும். அவ்வாறு செய்யாவிடிற் கூடு சற்றே முறுகிவிடும். புதிய தகடு எவ்வளவு நேர்த்தியாக அமைந்தாலும் பின்னர் கதவு பொருந்தாது. முன்பு சோதனையில் வளைந்த அந்த முதல் மாதிரி கற்பித்த பாடம் இன்றும் பணிமனையில் உயிரோடிருக்கின்றது.

எஞ்சினோ தண்ணீர் கேளாதது; காற்றினாற் குளிர்வது. இரண்டரை லீற்றர் எண்ணெயே அதற்குப் போதும். ஆனால் எளியது என்பதனாற் புறக்கணிக்கத்தக்கதன்று. எஞ்சினைச் சூழ்ந்த தகட்டு மறைப்புகளும் அவற்றின் ஓரத்து றப்பர்ப் பட்டியும் குளிர்காற்றையும் சூடான காற்றையும் பிரித்துவைக்கின்றன. அப்பட்டி வேண்டாத பொருளென எறியப்பட்டால், எஞ்சின் தான் கக்கிய வெப்பத்தைத் தானே உறிஞ்சி வெந்துபோகும். பெற்றோல் செல்லும் பழைய றப்பர்க் குழாய் காலத்தால் வெடித்துக் கசியுமாயின், சூடான எஞ்சின்மேல் ஒரு துளி விழுவதே வண்டி முழுவதும் தீப்பற்றப் போதுமானது. இவ்வாறு எரிந்து அழிந்த வான்கள் பல. உள்ளறையைச் சூடாக்கும் முறையோ, புகைக்குழாயைச் சுற்றிவரும் காற்றை உள்ளே விடுவதாகும். அங்குள்ள தகடு கறளால் ஓட்டையாயின், மணமற்ற நச்சுவாயு உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். எனவே, குழாய்களையும் வெப்பமூட்டியையும் பிரேக்கையும் பழமைப் பற்றினால் அப்படியே விட்டுவைத்தல் அறியாமையாகும்.

அப்படியாயின், எதனை மாற்றலாம், எதனை மாற்றலாகாது? ஒவ்வொரு தகடாக மாற்றிக்கொண்டே போனால், முடிவில் நிற்பது அந்தப் பழைய வான்தானா? நம் கோயில் தேரைப் பற்றியும் இக்கேள்வியை ஒருவர் எழுப்பலாம். உக்கிய மரத்தை நீக்கிப் புதுமரம் சேர்க்கின்றோம், சில்லை மாற்றுகின்றோம். ஆயினும், அத்தேர் அதே வீதியில் அதே திருநாளில் ஓடும்வரை அது அதே தேர் என்றே ஊரார் கொள்கின்றனர். ஓடாது கொட்டகையில் நின்றுவிட்ட தேரோ, மரம் முழுவதும் பழையதாயினும், தன் பெயரை இழந்துவிடுகின்றது.

பழைய மோட்டார் வண்டிகளுக்கான சர்வதேசச் சம்மேளனம் 2012-ஆம் ஆண்டில் ஏற்றுக்கொண்ட தூரின் சாசனமும் ஏறக்குறைய இவ்வழியே செல்கின்றது. உள்ள பொருளை இயன்றவரை காத்தல், புதிதாகச் சேர்த்ததைப் புதிதென்று அறியும்படி அடையாளமிடல், வண்டியை இயக்கிப் பயன்படுத்தல் ஆகியன அதன் கருத்துகள். ஜேர்மனியும், முப்பது ஆண்டு கடந்து, மூலவடிவு குலையாது பேணப்பட்ட வண்டிகளுக்கு, 1997 முதல் இலக்கத் தகட்டில் ‘எச்’ என்னும் எழுத்தைப் பொறித்து வரிச் சலுகை அளித்துவருகின்றது. ஆனால் முகாம் வானுக்கு இன்னுமொரு நியாயம் உண்டு. அது பிறப்பிலேயே மாறும் இயல்புடையது. ஏற்றி இறக்கும் பெட்டியோடு வாழ்வு தொடங்கிய வண்டி, ஒரு குடும்பம் தைத்த திரைச்சீலையையும் ஒரு தந்தை அடித்த பலகைத் தட்டையும் தன் வரலாற்றின் பகுதியாகவே ஏற்றுக்கொண்டது. அவற்றையெல்லாம் பிடுங்கி எறிந்து, தொழிற்சாலையிலிருந்து வந்த முதல்நாட் கோலத்தை மட்டும் போற்றுதல், ஒருவரின் குழந்தைப் பருவப் படத்தை வைத்துக்கொண்டு அவர் வாழ்ந்த வாழ்வை மறுப்பதற்கு ஒப்பாகும். உயிருக்கு ஆபத்தானதைத் தயங்காது மாற்றுக. பயணங்களின் தழும்பாக நிற்பதைப் பேணுக. இதுவே நடுநிலையான வழி எனத் தோன்றுகின்றது.

இவ்வளவு பாடுபட்டு அடையும் இன்பந்தான் யாது? வேகமன்று. இன்றைய வண்டிகள் எல்லாம் அதனை முந்திச் செல்லும். மலையேற்றத்தில் கியரைக் குறைத்து முனகிக்கொண்டே அது ஏறும். ஓட்டுபவர் முன்சில்லுகளுக்கு மேலே, வீதியைப் பார்த்தபடி உயர அமர்ந்திருப்பார். காற்று மெல்ல அடித்தாலும் வண்டி அசைவதை உணர்வார். விரைவு இல்லாமையால் வழியே பயணமாகின்றது. மாலையில் ஓர் ஆற்றங்கரையில் நிறுத்தி, கூரையைத் தூக்கி, யன்னலைத் திறந்து, சிறிய அடுப்பிலே தேநீர் கொதிக்கும்போது, இடத்துக்கும் மனிதனுக்கும் இடையே இருந்த அவசரம் அகன்றுவிடுகின்றது. தன் கையாலே செப்பனிட்டவருக்கோ ஒவ்வோர் ஒலியும் தெரிந்த குரலாகும். எந்த ஆணி இறுகியது, எது தளர்ந்தது என்பதை அவர் காதே சொல்லும்.

ஆயினும் ஒரு கவலையைக் கூறாது முடித்தலாகாது. இரட்டைக் கண்ணாடி முகமும் பல யன்னல்களும் கொண்ட முதல் தலைமுறை வான்கள் சில, ஒரு இலட்சம் அமெரிக்க டொலருக்கும் மேற்பட்ட விலைக்கு ஏலம் போயிருக்கின்றன. வாங்கியவர் அதனை மழையில் நிறுத்த அஞ்சுவார். அதற்குள் மீன் பொரிக்க அதனினும் அஞ்சுவார். பாண் போடுபவருக்கும் எழுதுவினைஞருக்கும் உல்லாசத்தை வழங்கிய வண்டி, சுற்றிச் சுற்றி வந்து, ஸ்டேபிள்ஸ் காலத்துச் செல்வரின் விளையாட்டுப் பொருளாகவே மீண்டும் ஆகிவிடுமோ என்பது அக்கவலை. ஏலத்துக்குப் போகாத எளிய பழைய வானொன்றின் அடியிலே படுத்துக்கிடந்து, கறளைச் சுரண்டி, தகடு ஒட்டி, குடும்பத்தோடு புறப்படுகின்றவரே அவ்வரலாற்றின் உண்மையான வாரிசு ஆவார். அவர் காப்பது சாதாரண மனிதனுக்கும் ஊர் சுற்றிப் பார்க்க உரிமை உண்டு என்று ஒரு காலம் கண்டறிந்த உண்மையை.