செஞ்சியில் ஒரு தற்காலிக அரசாங்கம்

மயிலம் முருகனைத் தரிசித்துவிட்டுத் திண்டிவனம் வழியாகத் திருவண்ணாமலைச் சாலையில் செல்லும் யாத்திரிகர், செஞ்சிக் கோட்டையைக் கண்டதும் தேசிங்கு ராஜனையே நினைப்பர். சில மாதங்களே ஆண்டு 1714-இல் போரில் மடிந்த அவ்விளைஞனுக்கு நாட்டுப்பாடல் வாய்த்தது; அதற்குச் சற்று முன்னர் அதே கோட்டையிலிருந்து எட்டாண்டுக் காலம் நடந்த மராத்தியரின் தற்காலிக அரசாங்கத்தையோ இப்பக்கத்தார் அறவே மறந்துவிட்டனர்.

1689 மார்ச்சில் மொகலாயச் சக்கரவர்த்தி ஔரங்கசீப், மராத்திய அரசன் சம்பாஜியைக் கொலை செய்வித்தான். அவ்வாண்டிலேயே தலைநகரான ராய்கட் வீழ்ந்து, சம்பாஜியின் குமாரனும் ஏழு வயதுப் பாலகனுமான ஷாஹூ தன் தாய் யேசுபாயுடன் மொகலாயர் பாசறைக்குச் சிறைப்பட்டுச் சென்றான். சிவாஜியின் இளைய குமாரனும் பத்தொன்பதே வயதினனுமாகிய ராஜாராமன், மாறுவேடம் பூண்டு பன்ஹாளாவினின்று தப்பி, தன் தந்தை 1677-இல் கைப்பற்றிய செஞ்சியை அடைந்தான். சிம்மாசனம் ஷாஹூவுக்கே உரியது, தான் அவன் பொருட்டுக் காரியம் பார்ப்பவன் என்பதே அவன் முதலில் கொண்ட நிலை என்பர். ஆலோசகரான பிரஹ்லாத் நீராஜிக்கென்று 'பிரதிநிதி' என்னும் புதிய பதவி சிருஷ்டிக்கப்பட்டது. மகாராஷ்டிரத்துக் காரியங்களோ ராமசந்திர பந்த் அமாத்தியரிடம் முழு அதிகாரத்துடன் ஒப்படைக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான மைல்களுக்கு அப்பாலுள்ள நாட்டை ஆள இதைவிட யுக்தியான ஏற்பாடு இருந்திருக்க முடியாது.

ஆனால் பொக்கிஷம் வெறுமையாயிருந்தது. ஜாகீர் கொடுப்பதை வெறுத்து, கூடியவரை ரொக்கச் சம்பளமே அளித்தவர் சிவாஜி; இப்போதோ ஔரங்கசீப் நிலமும் பட்டமும் காட்டி மராத்தியத் தலைவர்களை இழுத்துக்கொண்டிருந்தான். ஆகவே ராஜாராமனும் நிலத்தையே வாக்களிக்க நேர்ந்தது. அந்நிலமும் பெரும்பாலும் பகைவன் கையில் இருந்தது! 1691-இல் ஹனுமந்தராவ் கோர்படே என்னும் மராத்தியத் தலைவருக்கு வழங்கப்பட்ட சாஸனமொன்று, ராய்கட், பீஜப்பூர் என்று ஒவ்வொன்றாகப் பிடிக்கப் பிடிக்க இன்னின்ன பங்கு என்று வகுத்து, டில்லியைப் பிடித்த பின் மீதிப் பங்கு என்று முடிகிறது. இதனை நகைப்புக்குரியதென்று தள்ளுவது எளிது. எனினும் சேனை திரட்ட அவனிடம் வேறு முதல் இல்லை. இந்தச் சலுகையே நிலைபெற்றுப் பிற்காலத்து மராத்திய சர்தார்களைச் சிற்றரசர்களாக்கியது என்பது என் கருத்து.

1690-இல் செஞ்சியை வந்து சூழ்ந்த மொகலாயத் தளபதி ஜுல்பிகார் கான், முற்றுகையை வேண்டுமென்றே நீட்டுகிறான் என்னும் சந்தேகத்துக்கு அப்போதே ஆளானான். மராத்தியச் சேனாபதிகளான சந்தாஜி கோர்படேயும் தனாஜி ஜாதவும் 1692-இறுதியில் வந்து தாக்கியபோது, அவன் வந்தவாசிக்குப் பின்வாங்க நேர்ந்தது. ஆயின் அவ்விரு சேனாபதிகளுக்குள்ளே மூண்ட பொறாமை, 1696-இல் விருத்தாசலத்தருகே அவர்கள் படைகளையே ஒன்றோடொன்று மோதவிட்டது. பகைவனால் ஆகாததை அது செய்தது. 1697-இறுதியில் ராஜாராமன் மீண்டும் தப்பியோடினான். 1698 தொடக்கத்தில் கோட்டை வீழ்ந்து 'நுஸ்ரத்கட்' என்று பெயர் மாறிற்று.

பணமுடை செய்வித்த மற்றொரு காரியம், நம் கடற்கரையில் நடந்தது. சென்னையில் கவர்னராயிருந்த எலிஹு யேல், 1690-இல் தேவனாம்பட்டினத்துக் கோட்டையை ராஜாராமனிடமிருந்து ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனிக்கு விலைக்கு வாங்கினார். கோட்டையினின்று பீரங்கியைச் சுட்டு, குண்டு விழும் தூரமட்டும் உள்ள நிலமெல்லாம் கிரயத்தில் அடக்கம் என்பது ஒப்பந்தம். அவ்வாறு சேர்ந்த ஊர்களுக்குக் குண்டு கிராமங்கள் என்றே பெயர் நிலைத்தது. 1746-இல் பிரெஞ்சுக்காரர் சென்னையைக் கைப்பற்றியபோது, கம்பெனியின் தலைமை நிர்வாகம் அக்கோட்டைக்கே மாறி, 1752 வரை அங்கிருந்தே நடந்தது.