வெளிச்சுவரில் சொட்டும் குழாய்

பிரிட்டனின் நடுத்தர வர்க்க வீடுகளுக்குள் குழாய் வழியே வெந்நீர் வந்தது விக்டோரியா அரசியின் காலத்தில். கீழே சமையலடுப்பை ஒட்டி பாய்லர், மாடியில் வெந்நீர் உருளை, கூரைக்கடியில் அதற்கு நீர் ஊட்டும் தண்ணீர்த் தொட்டி என்பது மெல்ல வழக்கமான ஏற்பாடாயிற்று. லண்டன் தண்ணீர்க் கம்பெனிகள் அப்போது நாள் முழுதும் தண்ணீர் விடவில்லை. விடும் நேரத்தில் பிடித்து வைத்தால்தான் உண்டு. அதனால் படுக்கையறைகளின் தலைக்கு மேலே, மரச்சட்டமும் சுண்ணாம்புப் பூச்சுமான உட்கூரையின் மீது, நூற்றுக்கணக்கான லிட்டர் தண்ணீர் உட்கார்ந்திருந்தது. அந்த வீடுகளைக் காத்தது தொட்டிகளின் உறுதி என்று நினைக்கத் தோன்றும். என் கணிப்பு வேறு. தொட்டி என்றாவது ஒழுகும் என்று ஒப்புக்கொண்டு, அந்த ஒழுக்கு கண்ணில் படும்படி செய்த விதிகளே அவற்றைக் காத்தன. அவ்விதிகளை எழுதியவர்கள் வீட்டுக் கூரையை நினைத்து எழுதவில்லை என்பதுதான் வியப்பு.

1871ஆம் ஆண்டின் லண்டன் பெருநகரத் தண்ணீர்ச் சட்டத்தையொட்டி மறு ஆண்டு விதிகள் வந்தன. அன்று வீடுகளுக்கு மீட்டர் கிடையாது. வீட்டின் மதிப்பை வைத்தே கட்டணம். தொட்டியின் மிதவை வால்வில் வாஷர் தேய்ந்தாலோ மணல் சிக்கினாலோ நீர் நிற்காமல் ஏறும். வழிவுக் குழாய் அதைச் சத்தமில்லாமல் சாக்கடையில் கொண்டு சேர்க்கும். வீட்டுக்காரருக்குச் செலவில்லை, கம்பெனிக்கு நட்டம். ஆகவே வழிவுக் குழாய்களையெல்லாம் எடுத்துவிட வேண்டும், அல்லது ‘எச்சரிக்கைக் குழாயாக’ மாற்ற வேண்டும், அதன் நீர் கம்பெனி ஆட்களுக்கு எளிதில் தெரியும் இடத்தில் விழ வேண்டும் என்று விதித்தார்கள். குழாய் வெளிச்சுவரைத் துளைத்துக்கொண்டு தெருவை எட்டிப் பார்த்தது. தண்ணீரை மிச்சம் பிடிக்கப் போட்ட விதி உட்கூரையையும் மிச்சம் பிடித்தது. வால்வு முழுதாகக் கைவிடும் முன்பே, சொட்டும் நிலையிலேயே பிளம்பருக்கு ஆள் போயிற்று.

அடுத்த துணை வந்தது சாக்கடைக் காற்றைப் பற்றிய பயத்திலிருந்து. குளியல் தொட்டிக்கும் தண்ணீர்த் தொட்டிக்கும் அடியில் ஓரங்களை மேலே மடித்த ஈயத் தட்டு ஒன்றை அன்றைய பிளம்பர்கள் விரித்தார்கள். ஒழுகியதை அது ஏந்திக்கொள்ளும். அந்தத் தட்டின் குழாயைக் கழிவுக் குழாயோடு சேர்த்தால் நோய்க்காற்று வீட்டுக்குள் ஏறும் என்று சுகாதாரச் சீர்திருத்தக்காரர்கள் பிடிவாதமாகச் சொன்னதால், அது தனியாக வெளிச்சுவர் வரை போயிற்று. முனையில் கீல் வைத்த ஒரு செம்பு மடல். குளிர்காற்றும் பூச்சியும் உள்ளே வராது, தண்ணீர் வந்தால் தானே திறக்கும். நோய்க்காற்றுக் கொள்கை பின்னர் பொய்த்தது. அதன் பேரில் வெளியே வந்த குழாய் மட்டும் செய்ய வேண்டியதைச் செய்தது.

இந்த ஏற்பாட்டின் நுட்பம் இருபதாம் நூற்றாண்டில் இன்னும் நன்றாகத் தெரிந்தது. பாய்லரின் நீர் ஒரு சுருள்குழாய்க்குள் ஓடி உருளையின் நீரைச் சூடாக்கும் முறையில் பரணில் இரண்டு தொட்டிகள் இருக்கும்: உருளைக்குப் பெரியது, பாய்லர் சுற்றுக்குச் சிறியது. சுருளில் குண்டூசி அளவு ஓட்டை விழுந்தால், பெரிய தொட்டியின் நீர்மட்டம் உயரமாக இருக்கும்போது அந்த நீர் சுருள் வழியே சிறிய தொட்டிக்குப் போய் அதை நிரப்பும். சிறிய தொட்டியின் எச்சரிக்கைக் குழாய் வெளியே சொட்டும். வால்வை மாற்றியும் சொட்டு நிற்கவில்லையென்றால், கோளாறு உருளைக்குள் இருக்கலாம் என்று பிளம்பர் சந்தேகிப்பார். உருளையைத் திறக்காமலே அதன் வயிற்றுக்குள் நடப்பது சுவரில் தெரிந்தது.

நல்ல தொட்டி செய்தால் இவ்வளவும் எதற்கு என்று கேட்கலாம். அமெரிக்கா அந்த வழியில் போயிற்று: எஃகுத் தொட்டியின் உட்புறம் கண்ணாடிப் பூச்சு, துருவைத் தான் ஏற்றுக்கொண்டு கரையும் மெக்னீசியக் கம்பி. கப்பலின் செம்புத் தகட்டைக் காக்க 1824இல் ஹம்ப்ரி டேவி கண்ட அதே வழிதான் அந்தக் கம்பி. தொட்டியின் ஆயுளை அது கூட்டியது, மறுக்கவில்லை. ஆனால் கம்பி கரைந்து தீர்ந்ததை யாரும் பார்ப்பதில்லை. தொட்டி ஓட்டையான பிறகுதான் செய்தி வருகிறது. அதனால்தான் அங்கேயும் தொட்டிக்கடியில் வடிகால் வைத்த தட்டு வேண்டியிருந்தது.

இதைவிடக் கனமான மறுப்பு இங்கிலாந்தின் டான்டன் நகரத்தில் நடந்தது. 2006இல் அங்கே மின்சூடாக்கியின் தெர்மோஸ்டாட் பழுதாகி, கொதிநீர் உருளையின் காற்றுக்குழாய் வழியே பரணிலிருந்த பிளாஸ்டிக் தொட்டிக்குள் ஏறியது. தொட்டி இளகிச் சரிந்து, கீழே இருந்த ஒரு கைக்குழந்தையின் உயிர் போயிற்று. காற்றுக்குழாய் திறந்திருக்கும் முறை பாதுகாப்பானது என்ற நம்பிக்கை அங்கே உடைந்தது, உடைய வேண்டியதுதான். சூட்டைத் துண்டிக்கும் இரண்டாவது கருவி பின்னர் கட்டாயமாயிற்று. அந்தத் துயரம் என் வாதத்தைத் தள்ளவில்லை. கொதிநீர் போய்ச் சேர்ந்த இடம், வீட்டில் யாரும் எட்டிப் பார்க்காத இருட்டுப் பரண்.

காற்றுக்குழாய் இல்லாத மூடிய உருளைகளை 1985ஆம் ஆண்டின் கட்டட விதிமுறைகள் இங்கிலாந்தில் அனுமதித்தன. 200 லிட்டர் நீரை 10 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குச் சூடாக்கினால் மூன்று லிட்டருக்கு மேல் பருமன் கூடும். அதற்கு இடம் தர விரிவுக் கலம், அதுவும் தவறினால் பாதுகாப்பு வால்வு. அந்த வால்வுக்கு அருகிலேயே, பிளம்பர்கள் டன்டிஷ் என்று சொல்லும் திறந்த சிறு புனல் இருக்க வேண்டும், சொட்டு அதில் தெரிய வேண்டும். 1872இன் விதி வேறு உருவில் திரும்பி வந்தது என்றே இதைப் படிக்கிறேன். இன்றைய அடுக்குமாடிகளில் அந்தப் புனலை அலமாரிக்குள் வைத்துக் கதவை மூடிவிடுகிறார்கள். அதன் கீழ்க்குழாயும் பல இடங்களில் கட்டடத்துக்குள்ளேயே கழிவுக் குழாயில் போய் மறைகிறது. தரையில் வைக்கும் உணர்கருவி போதும் என்பவர்கள் உண்டு. அது பயனுள்ள கருவிதான். நீர் தரையைத் தொட்ட பிறகே கூவும், பேட்டரி தீர்ந்தால் அதுவும் இல்லை. புனலோ, தரை நனைவதற்கு வெகுநாள் முன்பே சொட்டத் தொடங்கியிருக்கும். அலமாரிக் கதவில் ஒரு கண்ணாடிச் சாளரம் வைக்கவும், உருளைக்கடியில் பிளாஸ்டிக் தட்டு விரித்து அதன் குழாயைத் தனியாக வெளிச்சுவருக்கு இழுக்கவும் கட்டுபவருக்கு ஆகும் செலவு அற்பம். இவை இரண்டையும் விதி கட்டாயமாக்க வேண்டும்.