பல்லயனிப் பிளாஸ்மா

நிறையாலோ மின்னேற்றத்தாலோ வேறுபட்ட அயனிகள் எலெக்ட்ரான்களோடு விரவி நிற்கும் நிலையே பல்லயனிப் பிளாஸ்மா எனப்படும். அணுசக்தி என்றவுடன் உத்திரமேரூர்ப் பகுதியார் நினைப்பது, 1984இல் வாணிப ரீதியாக மின்னுற்பத்தி தொடங்கிய கல்பாக்கம் நிலையத்தை. அங்கே கனத்த யுரேனியக் கரு பிளக்கப்படுகிறது. இங்கே பேசப்படுவதோ, அதியுஷ்ணப் பிளாஸ்மாவில் லேசான கருக்கள் ஒன்றோடொன்று பிணையும் விஷயம். 1955இல் ஜெனீவா அணுசக்தி மாநாட்டுக்குத் தலைமை வகித்த ஹோமி பாபா, இப்பிணைப்பின் சக்தியைக் கட்டுக்குள் கொணரும் வழி இருபதாண்டுகளில் புலப்படும் என்றார். அக்கணிப்பில் நம்பிக்கை சற்று மிகுந்திருந்தது.

எரிபொருள் அடங்கிய நுண்கோளத்தை லேசர் ஒளியால் நாற்புறமும் தாக்கி நசுக்கினால், அது சிதறிப் போகுமுன் கிடைக்கும் அற்ப காலத்துக்குள் கருக்கள் பிணைந்துவிடும் என்னும் யோசனையை 1972இல் ஜான் நக்கோல்ஸும் சகாக்களும் பிரசுரித்தனர். பின்வந்த கணக்குகளில் பெரும்பாலானவை, கோளத்துள் இருக்கும் பலவகை அயனிகளையும் ஒரே திரவமாகப் பாவித்தன, சௌகரியமான பாவனைதான்.

அதைச் சோதிக்க அமெரிக்காவின் ராச்செஸ்டரிலுள்ள, 60 கதிர்கள் கொண்ட ஒமேகா லேசர் இடங்கொடுத்தது. எரிபொருள், கனத்த ஹைட்ரஜனான டியூட்டீரியமும் ஹீலியம்-3உம் கலந்த வாயு. முற்றும் அயனியான டியூட்டீரியத்தில் நிறையலகு 2க்கு ஒரு கருவும் ஓர் எலெக்ட்ரானுமாக இரண்டு துகள்கள். ஹீலியம்-3இல் நிறையலகு 3க்கு மூன்று துகள்கள். ஆகவே ஒரே அடர்த்தியும் உஷ்ணமும் இருந்தால் இவற்றின் எந்தக் கலவையும் ஒரே அழுத்தம் தந்து ஒரே விதமாகவே நசுங்க வேண்டும். இந்தத் தர்க்கத்தில் குறையில்லை. ஆயினும், ஏறக்குறைய சமபாகக் கலவையில் பிணைப்பின் விளைச்சல் எதிர்பார்த்ததில் பாதியளவே வந்ததென்று ரிக் முதலானோர் 2006இல் அறிவித்தனர்.

2010இல் பீட்டர் அமெண்ட் குழுவினர் இதற்கொரு காரணம் கூறினர்: அதிர்ச்சியலையின் கடுமையான அழுத்தச் சரிவில், களத்துமேட்டில் தூற்றும்போது பதரும் மணியும் பிரிவதுபோல, லேசான அயனியும் கனத்த அயனியும் விலகிவிடுகின்றன. டியூட்டீரியமும் அதனினும் கனத்த ஹைட்ரஜனான டிரிட்டியமும் அடுக்காகப் பிரிவதற்கான சான்றைக் கேசி முதலானோர் 2012இல் வெளியிட்டனர். அயனிவகைகளின் உஷ்ணநிலைகளே வேறுபடுவதை 2015இல் ரிண்டர்நெக்ட் குழுவினர் எடுத்துக்காட்டினர்.

அயனி மோதலின்றிச் செல்லும் தூரம் கோளத்தின் ஆரத்தை நெருங்கும் மெல்லிய வாயுவில்தான் இவ்விளைவுகள் உக்கிரமாகின்றன. 2022 டிசம்பர் 5 அன்று கலிபோர்னியாவில் 2.05 மெகாஜூல் லேசர் சக்திக்கு 3.15 மெகாஜூல் ஈன்ற அடர்த்தி மிக்க கோளத்தில், மோதல்கள் மலிந்திருந்தமையால், ஒரே திரவமெனும் பழைய பாவனை பெரும்பாலும் செல்லுபடியாகும்.